‘வுடு’ன்னு சொன்னது யாரு?

திருவொற்றியூர்
8.7.2024

செல்வா,

என் நம்பரை நீ ப்ளாக் செய்து இருபது நாள் ஆகிறது. உன் மனைவி ஆன்சியிடம் கேட்டால், “உங்க பேர எட்த்தாலே எரிஞ்சி வியறாரு ரமாக்கா, நீங்களே பாத்துக்கோங்க” என்கிறாள். தபாலை ப்ளாக் பண்ண முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். தூத்துக்குடி யார்டு விலாசத்தை ஆபீஸில் வாங்கினேன்.

கிளம்பும் அன்று கேட்டில் எல்லார் முன்னாலும் நீ சொன்னது மறக்கவில்லை. “என் கேங்க இவ ஓட்டிருவாளா? ஒரு மாசம் தாங்குதான்னு பாக்குறேன்.” நீ சொன்னபடியே ஆகிக்கொண்டிருக்கிறது, சந்தோஷப்பட்டுக்கொள். நீயாக மாற்றல் கேட்டுப் போனாய். காலியான இடத்தில் மேனேஜர் சுப்பராயன் என்னைப் போட்டார். ப்ளானிங் செக்‌ஷனில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவளுக்கு யார்டு வெயில் மேல் என்ன ஆசையா? நீயும் நானும் ஒரே நாளில் இந்தக் கம்பெனியில் சேர்ந்தவர்கள். உன் இடத்தைத் தட்டிப் பறிக்கிறவளா நான்?

நிலவரம் இதுதான். நீ இருந்தபோது ஒரு ஷிப்டில் பதினெட்டுப் பெட்டி தூக்கிய கிரேன் கேங்க், இப்போது பத்தைத் தாண்டவில்லை. தீனாவும் வேம்புவும் முகம் பார்ப்பதில்லை, மற்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். மே மாத விபத்தில் அடிபட்ட பகலவன் காலில் மாவுக்கட்டோடு வீட்டில் இருக்கிறான். அப்பாவுவைக் கிரேனிலிருந்து இறக்கி, கேட்டில் லாரிகளுக்குச் சீட்டுக் கொடுக்க உட்கார்த்தியிருக்கிறார்கள். பதினாலு வருஷம் கிரேன் ஓட்டியவர். நான் அந்த வழியாகப் போனால் தலையைக் குனிந்துகொள்கிறார்.

செப்டம்பர் 28-ஆம் தேதி எண்ணூர் பக்கம் ஒரு மின்நிலையத்துக்கு எண்பது டன் டிரான்ஸ்பார்மர் போகிறது. இரண்டு கிரேன் சேர்ந்து தூக்க வேண்டும். “உங்க கேங்கால முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க, வெளியாள வெச்சிக்கிறேன். அப்புறம் அந்தக் கேங்க் எதுக்கு? கலைச்சி ஆளுக்கொரு யார்டுக்கு அனுப்பிடறேன்” என்கிறார் சுப்பராயன்.

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொல். இவர்களிடம் எப்படி வேலை வாங்கினாய்?

ரமாபாய்


தூத்துக்குடி
17.7.2024

மரியாதைக்குரிய மேடம் ரமாபாய் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தோஷப்பட்டுக்கொள் என்று எழுதியிருந்தாய். பட்டுக்கொண்டேன்.

நான் யாரிடமும் வேலை வாங்கியது கிடையாது. நான் நின்றால் நின்றார்கள், நடந்தால் நடந்தார்கள். மணலியிலிருந்து காட்டுப்பள்ளி வரைக்கும் செல்வநாதன் கேங்க் வருகிறது என்றால் டேங்கர் லாரிக்காரனே வண்டியை ஓரம் கட்டுவான். ஆறு பேரும் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய அவசியமே வந்ததில்லை. என்னைப் பார்த்தால் போதும், நான் புருவத்தை அசைத்தால் போதும். இதை எந்த டிப்ளமாவில் சொல்லிக் கொடுப்பார்கள்? உன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்.

விபத்தைப் பற்றி விசாரணையில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இறக்கு என்பதற்கு துறைமுகத்தில் அந்தக் காலத்திலிருந்து ‘ஆரியா’தான். ஒன்பது வருஷமாக அதைத் தவிர வேறு வார்த்தையில் நான் சிக்னல் கொடுத்ததில்லை என்று விசாரணை அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். அப்பாவு காதில் என்ன விழுந்ததோ, அது அவன் காதைக் கேட்க வேண்டியது.

இனிமேல் எழுதாதே.

செல்வநாதன்


திருவொற்றியூர்
29.7.2024

செல்வா,

எழுதாதே என்றால் நான் எழுதுவேன் என்று பன்னிரண்டு வருஷமாக உனக்குத் தெரியும்.

‘ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய அவசியமே வந்ததில்லை’ என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு ஆள் ஊருக்குப் போனதும் ஒரே மாதத்தில் படுத்துவிட்ட கேங்க், அந்த ஆளுக்குப் பெருமையா? ஆறு பேரும் உன் முகத்தை மட்டுமே பார்த்து வேலை செய்திருக்கிறார்கள். பக்கத்தில் நிற்கிறவன் முகத்தை ஒருவனும் பார்த்ததில்லை. நீ பார்த்துக் கட்டிய கேங்க் இது, அதனால்தான் கோபம் வருகிறது.

என் லட்சணமும் சொல்கிறேன், சிரித்துக்கொள். முதல் வாரம் யார் எங்கே நிற்க வேண்டும் என்று கலர் கலராக ஒரு சார்ட் எழுதி ஒட்டினேன். தீனா அந்த ஆணியில் தன் சாப்பாட்டுப் பையை மாட்டினான். பிறகு கம்பெனி ஒரு பயிற்சியாளரை அனுப்பியது. ஒருவருக்கொருவர் நம்பிக்கை வர வேண்டுமாம், கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்பவர் மேல் சாயச் சொன்னார். வேம்பு சொன்னது: “இவன் மேல சாஞ்சா நேரா ஸ்டான்லி ஆஸ்பத்திரிதான் சார். ஏற்கெனவே ஒர்த்தன் கால் போய்கீது.” அதோடு பயிற்சி முடிந்தது.

எல்லாரும் அந்த மே 29-ஆம் தேதியிலேயே நிற்கிறார்கள் செல்வா. அன்று பெட்டி உட்காரப் போட்டிருந்த மரக்கட்டையை யார் நகர்த்தியது என்று தீனாவும் வேம்புவும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெனரேட்டர் பெட்டி மேலே தொங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று இறங்கி, பகலவன் கணுக்காலை நசுக்கியது. நேற்று கேட்டில் அப்பாவு பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன். “காதுல தெளிவா வியந்துச்சு மேடம். ‘வுடு’ன்னு. வுட்டேன். நான் இன்னா பைத்தியமா, சொம்மா எறக்க?”

தரையில் வாக்கி டாக்கி இரண்டே இரண்டு பேரிடம். ஒன்று உன்னிடம், ஒன்று வேம்புவிடம். நீ அப்படிச் சொல்கிற ஆள் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் வேம்புதான் சொன்னான் என்கிறான் தீனா. தன் பக்கத்தில் நின்று கத்தியவன் தீனாதான் என்கிறான் வேம்பு. ஆளுக்கு ஆள் சந்தேகம். ஒவ்வொரு சிக்னலுக்கும் “யாரு சொன்னது? நெசமா?” என்று மூன்று தபா கேட்ட பிறகுதான் கை நகர்கிறது. அதனால்தான் பத்துப் பெட்டி.

ரமா


தூத்துக்குடி
9.8.2024

ரமா,

ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்று வேம்பு சொன்னதைப் படித்து ரூமில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து ரூம்காரர் கதவைத் தட்டி “நல்லாருக்கீயளா?” என்று கேட்டார்.

கேட்டதால் சொல்கிறேன். வேம்பு டீ குடிப்பதற்கு முன்னால் அவனிடம் எதையும் பேசாதே. தீனாவிடம் ‘செய்’ என்று மட்டும் சொன்னால் செய்ய மாட்டான், எதற்கென்று சொன்னால் உயிரைக் கொடுப்பான். புதிய கிரேன் ஆபரேட்டர் ஜெரியை எனக்கு மணலி யார்டிலேயே தெரியும். நிதானமான ஆள், ஆனால் பயந்தால் சொல்ல மாட்டான், நீயாகக் கேட்க வேண்டும்.

இங்கே எனக்கு எட்டுப் பேர். நான் புருவத்தை அசைத்தால், கண்ணில் தூசி விழுந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். அவர்கள் பாட்டுக்கு ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே தூக்குகிறார்கள். நன்றாகவே தூக்குகிறார்கள், அதுதான் எரிச்சல். முந்தாநாள் ஒருவன், “அண்ணாச்சி, அந்தப் பக்கம் நிக்காதீய, கயிறு வருது” என்று என்னையே நகர்த்தினான். என் கேங்கில் யாரும் என்னை நகரச் சொன்னதே கிடையாது. அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பகலவன் நடக்கிறானா? அதை எழுது. அப்பாவுவைப் பற்றி மட்டும் என்னிடம் எழுதாதே.

செல்வா


திருவொற்றியூர்
26.8.2024

செல்வா,

பகலவன் ஊன்றுகோலோடு நடக்கிறான். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான் அவன் வீடு. போகும்போதெல்லாம் “நான் எப்ப வர்ட்டும் மேடம்?” என்றுதான் கேட்கிறான்.

தீனாவைப் பற்றி நீ சொன்னது பலித்தது. இப்போது எதைச் சொன்னாலும் காரணத்தோடு சொல்கிறேன். அதிலிருந்து எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த ஆறு பேரில் கிரேன் கேபினுக்குள் ஏறி உட்கார்ந்தவர் அப்பாவு ஒருவர்தான். மற்றவர்களுக்குத் தரைதான் தெரியும். அங்கே மேலே என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் தினமும் ஒரு ஆள் அரை மணி நேரம் ஜெரி பக்கத்தில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நானும் ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் நாம் எல்லாரும் மஞ்சள் தொப்பிகள்தான் செல்வா. பெட்டிக்குப் பின்னால் நிற்பவன் தெரியவே மாட்டான். நம்பிக் கையை வைப்பதற்கு ஸ்பீக்கரில் வரும் குரல் ஒன்றுதான் இருக்கிறது.

வியாழக்கிழமை காலை தீனாவின் முறை. நான் ஏணியில் நின்றிருந்தேன். கீழே வேம்பு கையில் வாக்கி டாக்கி செட். யாரோ டீ சிந்தியதற்கு யாரோ சத்தம் போட, வேம்பு “வுடு மாமு, வுடு” என்று சமாதானம் செய்தான். விரல் பட்டனில் இருந்திருக்கிறது. கேபினில் அந்தக் குரல் கணீரென்று வந்தது. ஜெரியின் கை தானாக லீவருக்குப் போய்விட்டது. நல்லவேளை, கொக்கியில் பெட்டி இல்லை.

தீனா என் பக்கம் திரும்பினான். “மேடம், அன்னிக்கி இப்டித்தான் ஆய்கீது. எவனும் எறக்க சொல்லல. சண்டைய வுடுன்னு சொல்லிகீறான். நாளைக்கி நூறு தபா நம்ம வாய்ல வர்ற வார்த்த அது” என்றான். இறங்கி வந்து நேராக வேம்புவிடம் போனான். அடிப்பானோ என்று பயந்தேன். “அன்னிக்கும் நீ இப்டித்தான் சொன்னியா? சொல்லிருந்தா சொல்லு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்” என்றான்.

வேம்பு அழுதுவிட்டான். அன்று காலை அவன் செட்டுக்குச் சார்ஜே இல்லையாம். முந்தின நாள் சார்ஜில் போட மறந்துவிட்டான். செட்டைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை என்பதால், சொன்னால் நீ திட்டுவாய் என்று செத்த செட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். விசாரணையிலும் அதைச் சொல்லவில்லை.

அப்படியென்றால் அன்று தரையில் பேசக்கூடிய செட் ஒன்றுதான்.

நான் உன்னைக் குற்றம் சாட்டவில்லை. யாரிடமும் இதைச் சொல்லவும் இல்லை, தீனாவும் வேம்புவும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. எப்படியும் என்னிடம் கேட்பார்கள். அப்பாவு தினமும் கேட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மகள் ஷாலு என்னிடம், “எங்கப்பா பொய் சொல்வாரா ஆன்ட்டி?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வேண்டும்.

ரமா


தூத்துக்குடி
10.9.2024

ரமா,

பத்து நாளாக இதை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன், பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

நான்தான் சொன்னேன்.

கட்டைக்காக அவர்கள் இரண்டு பேரும் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போனார்கள். நான் திரும்பி, “டேய், வுடுடா, வுடு” என்று கத்தினேன். செட் என் கையில். விரல் எங்கே இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. பகலவன் அலறிய பிறகுதான் பட்டனை இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறேன் என்று பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் வைத்தே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனேன். விசாரணை அதிகாரி முதல் கேள்வியிலேயே, “ஒன்பது வருஷத்துல ஒரு சிக்னல்கூட நீங்க தப்பா குடுத்ததில்லையாமே?” என்றார். “ஆமாம் சார்” என்றேன். அந்த ஆமாம் சொன்ன பிறகு மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவு என் எதிரில் நின்று “வுடுன்னு கேட்டுச்சு சார்” என்று சொன்னபோது, நான் சுவரைப் பார்த்தேன். அவனும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறினான்.

அங்கே இருக்க முடியாமல்தான் மாற்றல் வாங்கினேன். உன் மேல் எரிந்து விழுந்ததும் அதனால்தான். உன்னைத் திட்டிக்கொண்டிருந்த வரைக்கும் இதை நினைக்காமல் இருக்க முடிந்தது. என்னை மன்னித்துவிடு.

நீ எழுதியது சரி. அந்த ஆறு பேரும் என் முகத்தைப் பார்த்தே வேலை செய்தார்கள். சார்ஜ் இல்லாத செட்டைக்கூட ஒருவன் சொல்லப் பயந்திருக்கிறான் என்றால், நான் நடத்தியது கேங்க் இல்லை. இவ்வளவு நாள் அதைத்தான் பெருமை என்று பேசிக்கொண்டிருந்தேன்.

இதே விஷயத்தைக் கையெழுத்துப் போட்டு சுப்பராயனுக்கும் தனியாக அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்தை நீ கேங்குக்கு முன்னால் படிக்க வேண்டும். அப்பாவுவை வைத்துக்கொண்டு படி. ஒரு வரியையும் விட்டுவிடாதே. ஷாலுவிடம் சொல், அவள் அப்பா பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவன் நான்.

செல்வநாதன்


திருவொற்றியூர்
2.10.2024

செல்வா,

உன் கடிதத்தைச் செப்டம்பர் 14-ஆம் தேதி காலை, வேலை தொடங்குவதற்கு முன்னால் படித்தேன். அப்பாவு கேட்டை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வந்தார். பகலவன் ஊன்றுகோலோடு ஆட்டோ பிடித்து வந்தான். ‘நான்தான் சொன்னேன்’ என்ற வரி வந்தபோது தாளைத் தீனாவிடம் நீட்டினேன், அவன் மீதியைப் படித்தான். அப்பாவு எழுந்து தண்ணீர் டிரம் பக்கம் போய் முகம் கழுவினார். வேம்பு போய் அவர் பக்கத்தில் நின்றான், அப்புறம் தீனா. யாரும் கூப்பிடாமலே எல்லாரும் அங்கே போய்விட்டார்கள்.

23-ஆம் தேதி ஆர்டர் வந்தது. அப்பாவு மறுபடி கிரேனில். ஷாலுவைக் கூட்டிவந்து கம்பிவேலிக்கு வெளியே நிறுத்தி, கேபினில் ஏறினார். நான் அன்று விசிலடித்தேன் செல்வா, சூப்பர்வைசர் என்பதையெல்லாம் மறந்து.

இனி யார்டுக்குள் ‘வுடு’ என்ற வார்த்தையே கிடையாது என்று அவர்களே முடிவு செய்தார்கள். சண்டையை விலக்கக்கூட யாரும் சொல்லக் கூடாது. அதற்குப் பதிலாக “பொத்திகினு போ” என்கிறார்கள். மரியாதைக் குறைவுதான், ஆனால் பெட்டி இறங்காது. ‘நிறுத்து’ என்று மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், யார் சொன்னாலும் கிரேன் நிற்கும், ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது 28-ஆம் தேதியைச் சொல்கிறேன். ஒரு கிரேனில் அப்பாவு, இன்னொன்றில் ஜெரி. சுமை ஆடாமல் இழுத்துப் பிடிக்க நாலு மூலையிலும் ஆளுக்கொரு கயிறு. பகலவனுக்கு ஒரு நாற்காலியும் ஒரு செட்டும் கொடுத்து ஓரமாக உட்கார வைத்திருந்தேன். டிரான்ஸ்பார்மர் ஆறடி உயரம் ஏறிவிட்டது. நான் பார்க்கவில்லை, அப்பாவு பார்க்கவில்லை, சுப்பராயன் பார்க்கவே இல்லை. பகலவன் “நிறுத்து!” என்றான். இரண்டு கிரேனும் அந்த நொடியே நின்றன. பின்பக்கக் கயிறு டிரெய்லர் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஓரடி ஏறியிருந்தால் எண்பது டன்னும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். வேம்பு ஓடிப்போய் எடுத்துவிட்டு, “எட்த்தாச்சு, நான் வெளிய வந்துட்டேன்” என்றான். தீனா, “நான் பாத்துட்டேன், வெளிய கீறான்” என்றான். அப்புறம்தான் ஏறியது. டிரெய்லரில் உட்கார்ந்தபோது ஒரு சத்தம் வர வேண்டுமே, அதுகூட வரவில்லை.

சுப்பராயன் கை கொடுக்க வந்தார். நான் பகலவனைக் காட்டினேன். கேங்கைக் கலைக்கும் பேச்சு முடிந்துவிட்டது. எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது என்று எழுதத் தெரியவில்லை. டோல்கேட் சிக்னலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அழுதேன், பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டான். உன்னை நினைத்தும் பெருமைதான். அந்தக் கடிதம் வராமல் அந்தக் கிரேன் நின்றிருக்காது.

உன்னைப் பதவி இறக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். சாதாரண ஆளாக எந்த யார்டு வேண்டுமானாலும் கேட்கலாமாம். பகலவனுக்குக் கனமான வேலை இன்னும் ஆறு மாதத்துக்குக் கூடாது, எனக்கு ஒரு ஆள் குறைகிறது. கேங்கில் கேட்டேன். எல்லாரும் சரி என்றார்கள். அப்பாவு மட்டும் எழுந்து கேபினில் ஏறிவிட்டார். இன்று இந்தக் கடிதத்தை வாங்கி, கீழே தானே எழுதினார்.

ரமா

*செல்வா, கோவம் இன்னும் போவல. போவும்னு சொல்லவும் மாட்டேன். நாலு மாசம் என் பொண்ணு மூஞ்ச ஒயுங்கா பாக்க முடியாம இருந்தேன். ஆனா நீ எய்தனத என் காதால கேட்டேன், ஊரு முன்னாடி எய்திகீற. அதுக்கு நெஞ்சு வோணும். கயிறு புடிக்க ஆள் இல்ல. வந்து புடி. — அப்பாவு*


தூத்துக்குடி
9.10.2024

ரமா,

மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன், கையோடு ஆர்டரும் வந்துவிட்டது. பழைய சம்பளம் இல்லை என்று ஆன்சியிடம் போனில் சொன்னேன், “வூட்டுக்கு வந்தா போதும்” என்றாள். இங்கே இருக்கும் எட்டுப் பேரிடமும் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கயிறு வருகிறது என்று என்னை நகர்த்தியவன் டீ வாங்கிக் கொடுத்தான்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு யார்டில் இருப்பேன். நாலு மூலையில் எந்த மூலை எனக்கு என்று அப்பாவுவைக் கேட்டுச் சொல். அவனுக்கு மேலிருந்து என்னை நன்றாகத் தெரிகிற மூலையாக இருக்கட்டும்.

செல்வநாதன்